சுவரிலிருந்து ஒரு குரல்

செட்டிபாளையத்தில் கஜானியின் வீட்டுக்குப் போகிறவர்கள் முதலில் சுவரைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள். முன் அறையின் மூலையில் ஒரு வெள்ளைக் கமரா இருக்கிறது. அதற்குப் பின்னால், வேலைக்குப் போன கட்டாரிலிருந்து அவள் புருசன் பிரதீஸ் பார்த்துக்கொண்டிருப்பான் என்பது ஊருக்கே தெரியும். "தம்பி, சுகமா இரிக்கிறீங்களா?" என்று சுவரிடம் நலம் கேட்டுவிட்டுக் கதிரையில் உட்காரும் பெண்களும் உண்டு.

வீடு என்னவோ கஜானியின் வீடுதான். எங்கள் பக்கத்து வழக்கப்படி அவளுடைய அம்மா வீட்டைச் சீதனமாக அவள் பேருக்கு எழுதிவிட்டு, மூத்த மகனோடு கரடியனாற்றுக்குப் போய்விட்டாள். பிரதீஸ் ஒரு சூட்கேசோடு அந்த வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை. கள்ளர் பயம் என்று சொல்லி முதலில் வாசல் சுவரில் கமரா பூட்டினான். கள்ளன் உள்ளேயே இருக்கிறான் என்று நினைத்தானோ என்னவோ, கட்டாருக்குப் போன கையோடு அதை வீட்டுக்குள் மாற்றச் சொன்னான்.

அது பார்ப்பதோடு நிற்கவில்லை, பேசவும் செய்தது. "எங்க வெளிக்கிட்டாய்?" "வாசல்ல ஆரோட கதைச்ச?" "உந்த ஃபேன நிப்பாட்டு." அடுப்படியில் கறி கொதித்தாலும் கஜானி ஓடிவந்து கமராவுக்கு முன்னால் நின்று பதில் சொல்வாள். மீன் வாங்கப் போனாலும் "போயிற்று வாறன்" என்று சுவரிடம் சொல்லிவிட்டுத்தான் செருப்பைப் போடுவாள். பாவி, அப்படிப் பழகிப்போனாள்.

ஒரு நாள் பிரதீஸ் கமராவில் கூப்பிடாமல் போனில் எடுத்தான்.

"வீட்டுக்குள்ள வந்த ஆம்பிள ஆரு?"

"எந்த ஆம்பிள?"

அவன் ஒரு வீடியோவை அனுப்பினான். கமராவில் பதிவானது. மதிய நேரம், மகள் பள்ளிக்கூடத்தில். கஜானி தலைமுழுகிவிட்டு ஃபேனுக்குக் கீழே இருந்து முடி காயவைக்கிறாள். ஓர் ஆண் குரல், "எழும்பி இஞ்சால வா" என்கிறது. "ஓம், வாறன்" என்று எழும்பி வருகிறாள். "திரும்பி நில்லு" என்கிறது குரல். திரும்பி நிற்கிறாள்.

"அது நீங்கதானே!" என்றாள் கஜானி.

"நான் அந்நேரம் வேலையில. போன் லொக்கருக்குள்ள கிடந்த. கமராவில படாம மூலைக்குள்ள நிண்டுதானே அவன் கதைக்கிறான்? ஞாயித்துக்கிழமைக்குள்ள ஆரெண்டு சொல்லு. இல்லாட்டி இத உன்ட அண்ணனுக்கு அனுப்பிப்போட்டு, மகள என்ட அம்மாக்கிட்ட விட்டுடுவன்."

அந்தக் குரல் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. கமராவில் யார் பேசினாலும் கரகரவென்றுதான் கேட்கும், அதனால் அன்று புருசன்தான் என்று நினைத்திருந்தாள். அப்படியென்றால் அது யார்? தன்னைத் திரும்பி நிற்கச் சொல்லிப் பார்த்தவன் எவன்? நினைக்க நினைக்க உடம்பெல்லாம் கூசியது. அழக்கூட முடியவில்லை. அழுதால் அதையும் பார்ப்பார்கள், எத்தனை பேர் என்றுதான் தெரியாது. யாரையாவது கூப்பிட்டுக் கமராவைக் காட்டலாம் என்றால், உள்ளே வருகிறவனையே "இவன்தான் அவன்" என்பான் பிரதீஸ்.

கமரா வந்த வெறும் பெட்டியைச் சேலைக்கடைப் பை ஒன்றுக்குள் போட்டுக்கொண்டு புறப்பட்டாள். "மகளுக்குப் பாடம் எழுதக் கொப்பி வாங்கோணும்" என்று சுவரிடம் பொய் சொன்னாள். போனது காத்தான்குடியில் ரிப்கா என்பவள் வைத்திருந்த போன் கடைக்கு. ரிப்கா வளவளவென்று பேசுகிறவள், ஆனால் கேட்டதை வெளியில் விடமாட்டாள்.

கஜானி நடந்ததைச் சொல்லி வீடியோவைக் காட்ட, பெட்டியில் ஒட்டியிருந்த இலக்கத்தையும் பாஸ்வேர்ட்டையும் ரிப்கா தன் போனில் அடித்தாள். உடனே திரையில் கஜானியின் முன் அறை தெரிந்தது. கதிரை, மகள் படிக்கும் பாய், கொடியில் காயும் பாவாடை. தன் வீட்டை இன்னொருத்தியின் கடை மேசையில் பார்த்தபோது கஜானி அதைக் கையால் மறைக்கப் பார்த்தாள்.

"அக்கா, பூட்டினவங்க பாஸ்வேர்ட்ட மாத்தவே இல்ல. கம்பனி எல்லாப் பெட்டிக்கும் இதத்தான் போட்டு அனுப்புற. இலக்கம் கிடைச்ச எவனும் உள்ளுக்கு வந்து பாக்கலாம், கதைக்கலாம். கமராவ வாங்கின அண்டைக்கே மாத்தியிரிக்கோணும். மறுகா இன்னொண்டு, இத வீட்டுக்குள்ள பூட்டுறதே பிழை. அந்த வீடியோவ அழிச்சிராதீங்க, பொலிசில முறைப்பாடு குடுக்க உதவும்."

"பொலிசு நம்பும் புள்ள. என்ட மனிசன் நம்போணுமே."

ரிப்கா கொஞ்சம் யோசித்தாள். "நீங்க வீட்டுக்குப் போய் அவரக் கமராவப் பாக்கச் சொல்லுங்க. மிச்சத்த நான் பாக்கிறன்."

வீட்டுக்குப் போய்க் கஜானி பிரதீசுக்குப் போன் எடுத்தாள். அவன் கமராவைத் திறந்த நேரம் அறையில் அவளைத் தவிர ஒரு குருவியும் இல்லை. சுவர் கரகரத்தது.

"கஜானி அக்கா, கேக்குதா? நான் காத்தான்குடியில கடைக்குள்ள இரிந்து கதைக்கிறன். அண்ணன், உங்களுக்கும் கேக்குதுதானே?"



"சரி," என்றான் பிரதீஸ் போனில். "பாஸ்வேர்ட்ட மாத்திறன். இனி நான் மட்டுந்தான் பாப்பன்."

அவ்வளவுதான். அவளுடைய மானத்தைச் சந்திக்கு இழுத்துவிடப் பார்த்தவன் வாயிலிருந்து மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. எவனோ எழும்பச் சொன்னதும் நீ ஏன் எழும்பினாய் என்றும் அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதிலைத் தாங்கியிருக்கமாட்டான். அண்ணனுக்கு வீடியோ போகாது, மகளும் தன்னோடுதான் இருப்பாள் என்ற ஆறுதலில் கஜானியும் ஒன்றும் கேட்கவில்லை.

அன்று பின்னேரம் மகள் பாயில் பாடம் எழுதிக்கொண்டிருக்க, கஜானி பக்கத்தில் இருந்து பயத்தங்காய் நறுக்கினாள். சுவர் மறுபடி கரகரத்தது.

"கஜா, இஞ்ச வா."

முழங்கால் தன்பாட்டில் எழும்பப் பார்த்தது. கையை ஊன்றி அதை அடக்கினாள்.

"கஜா! கேக்கல்லியா?"

"கேக்குது. கதைக்கிற ஆரு?"

"என்ன பகிடியா? நாந்தான்."

"அண்டைக்கும் அப்பிடி நினைச்சித்தானே எழும்பினன். எனக்கு எப்பிடித் தெரியும்? போனில வந்து முகத்தக் காட்டுங்க."

மகள் எழுதுவதை விட்டுவிட்டுத் தாயைப் பார்த்தாள். பிறகு பாய்க்குப் பக்கத்தில் கிடந்த போன் அடிக்கத் தொடங்கியது. கஜானி கையிலிருந்த காயை நறுக்கி முடித்துவிட்டு, இருந்த இடத்திலேயே இருந்து அதை எடுத்தாள்.