இடது காலுக்கு வேலையில்லை

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, வானகரம் சர்வீஸ் ரோட்டில், இல்லாத ஒரு பெடலை மிதித்துவிட்டேன்.

டெஸ்ட் டிரைவுக்காக ஷோரூமில் கொடுத்த ஸ்போர்ட்ஸ் கார் அது. டூயல் கிளட்ச் வண்டி. கிளட்ச் உள்ளே இரண்டு உண்டு. காலுக்கு ஒன்றுகூடக் கிடையாது. சிக்னல் நெருங்கியதும், பல வருடப் பழக்கத்தில், என் இடது கால் என்னைக் கேட்காமலேயே கிளம்பிப் போய்க் கிளட்சைத் தேடியது. அது இருக்கவேண்டிய இடத்தில் அகலமாகப் பிரேக் இருந்தது. கிளட்சை மிதிப்பதுபோலவே அடிவரைக்கும், மனசார, மிதித்தேன்.

வண்டி ஆணி அடித்தாற்போல் நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த விற்பனைப் பிரதிநிதி நவீன், டாஷ்போர்டுக்கு ஒரு கும்பிடு போட்டு நிமிர்ந்தான். பின்சீட்டில் என் மனைவி சுமதி. ஸ்போர்ட்ஸ் காரின் பின்சீட் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. அதில் ஒரு கைப்பையும் ஒரு குடையும் வசதியாகப் போகலாம். அவள் அதில் மடங்கிக் கிடந்தாள். பின்னால் வந்த ஷேர் ஆட்டோ எங்கள் பம்பரை முகர்ந்துகொண்டு நின்றது. ஓட்டுநர் தலையை நீட்டினார்.

“இன்னா நைனா, ரோட்ல எவனாச்சும் கோலம் போட்டுக்கிறானா? மிதிக்காம நிக்கிற?”

இதில் நான் வெட்கப்படவேண்டியது பிரேக்குக்காக மட்டும் என்றால் பரவாயில்லை. எங்கள் அடுக்ககத்தில் காலையில் நடக்கிற கோஷ்டிக்குப் பல வருடங்களாக நான்தான் இந்த விஷயத்தில் பிரசங்கி. “கியர் போடத் தெரியாதவன் வண்டி ஓட்டவில்லை, வண்டியில் போகிறான்” என்பது என் பொன்மொழி. மென்பொருள் பையன்கள், பாவம், பாதிச் சுற்று என்னோடு நடந்துவிட்டு, ஷூ லேஸ் கட்டுகிற சாக்கில் பின்தங்கிவிடுவார்கள். அப்படிப்பட்டவன் டூயல் கிளட்ச் வண்டியில் ஏன் ஏறினேன் என்றால், என் இடது முழங்கால். “இனிமே கிளட்ச் மிதிக்கிற வேலையே வேணாம் சார்” என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் ஒரு சிவப்பு வண்டி இருக்கிறது. இரண்டே கதவு, கையால் போடுகிற கியர். ஏழு வருடத்துக்கு முன் பழைய வண்டியாக வாங்கி, என் கடைசி ஆசை என்று ஊருக்கெல்லாம் அறிவித்தது. அதை ஷோரூமில் கொடுத்துவிட்டு இதை வாங்குவதா, அல்லது முழங்கால் போனாலும் போகட்டும் என்று அதையே வைத்துக்கொள்வதா? மூன்று வாரம் நான் தூங்காமல் புரண்டது இந்த ஒரே கேள்விக்குத்தான்.

டூயல் கிளட்ச் என்றால் என்ன என்று கேட்காதீர்கள், கேட்காமலேயே சொல்லிவிடுகிறேன். கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சாம்பார் வாளிக்காரர் உங்கள் இலையை விட்டு நகர்கிற அதே நொடியில், பின்னாலேயே நிற்கிற ரச வாளிக்காரர் கரண்டியைச் சாய்த்துவிடுகிறார் அல்லவா? அதுதான். ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொன்று. மூன்றில் ஓடிக்கொண்டிருக்கும்போதே நான்கு தயாராக வந்து நிற்கும். இது விடும், அது பிடிக்கும். இலை ஒரு கணம்கூடக் காயாது. என்னுடைய சிவப்பு வண்டியில் அப்படி இல்லை. நாமே எழுந்து சமையற்கட்டுக்குப் போய் ரசம் வாங்கி வரவேண்டும். வழியில் கொஞ்சம் சிந்தும்.

புது வண்டியில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் யானைக்காதுபோல் இரண்டு தகடுகள் உண்டு. ஆசைப்பட்டால் அதை இழுத்து நாமே கியர் மாற்றிக்கொள்ளலாமாம். அடுக்ககச் சங்கக் கூட்டத்தில் நாம் யோசனை சொல்கிற மாதிரிதான். அவர்கள் ஏற்கெனவே முடிவு செய்திருந்தால் நம் யோசனை ஏற்கப்படும்.

சிக்னலில் நாங்கள் திகைத்து நின்றபோது ஒரு தண்ணீர் லாரி எங்களைத் தாண்டிப் போனது. போகிற போக்கில் கிளட்ச் கருகுகிற நாற்றத்தை விட்டுவிட்டுப் போனது. காகிதமும் தலைமுடியும் சேர்ந்து எரிந்தாற்போல் ஒரு வாடை. நவீன் அவசரமாகக் கண்ணாடியை ஏற்றினான். நான் இறக்கச் சொன்னேன். அந்த வாடைக்கு எனக்கு ஒரு விலாசம் தெரியும்.

இளவயதில் நான் அம்பத்தூர் எஸ்டேட்டில், பல்சக்கரம் வெட்டுகிற ஒரு பட்டறையில் தரம் பார்க்கிறவனாக இருந்தேன். பட்டறை முழுக்கப் பால்போல் வெள்ளையாக ஒரு குளிர்விப்பு எண்ணெய் வழிந்துகொண்டே இருக்கும். அந்த வாசனை சட்டை, சாப்பாட்டு டப்பா, கனவு எல்லாவற்றிலும் ஏறிவிடும். நெரிசல் பஸ்ஸிலும் என்னைச் சுற்றி ஓர் ஆள் நிற்க இடம் இருக்கும். நாள் முழுக்க கியரின் பல்லைப் பிடித்துப் பார்க்கிற எனக்கு கியர் போடத் தெரியாது. பல் டாக்டருக்குச் சிரிக்கத் தெரிந்தே ஆகவேண்டுமா என்ன?

எனக்குக் கற்றுத்தர முன்வந்தவன் தனபால். முத்தாபுதுப்பேட்டைக்காரன், ஆவடி குவார்ட்டர்ஸ் பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சு. அவன் அப்பாவும் என் அப்பாவும் ராணுவ டாங்கி செய்கிற தொழிற்சாலையில் ஒரே ஷிப்டு. வேலையில் டாங்கி, வீட்டுக்கு சைக்கிள். தனபால் ஆவடியில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் பயிற்சியாளனாகச் சேர்ந்திருந்தான். விடிந்ததும் முதல் ஆள் வருவதற்கு முன், பயிற்சி வண்டியில் என்னை ஏற்றிக்கொண்டு முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் போவான். ஒரு பக்கம் முள்கம்பி வேலி, மறுபக்கம் வேலிகாத்தான் புதர், நடுவில் நாங்களும் நாலைந்து மாடுகளும்.

சொன்னால் தற்பெருமையாக இருக்கும், ஆனால் சொல்லித்தான் ஆகவேண்டும். முதல் வாரத்திலேயே நான் பிரமாதமாக ஓட்டினேன். கியர் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் விழுந்தது. கிளட்ச் பெடலில் காலை வைத்தால் போதும், மிதிக்கக்கூட வேண்டாம், தானாகவே இறங்கும். என் பாதம் அவ்வளவு லேசு என்று நினைத்துக்கொண்டேன். தனபால் இடப்பக்கம் சாய்ந்து உட்கார்ந்து, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி பட்டாணி தின்றுகொண்டு வருவான்.

“எப்படிடா என் கியரு?”

“சூப்பரு மச்சான். உனுக்கு இன்னா, பொறவி டிரைவரு.”

இந்த நற்சான்றிதழை நான் பட்டறை முழுக்க விநியோகித்தேன். அதன் பலன் சீக்கிரமே வந்தது. எங்கள் முதலாளியின் மகன் வெளிநாட்டிலிருந்து இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய ஒரு ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்திருந்தார். பலகைபோல் தாழ்வான வண்டி. அதன் பக்கத்தில் நின்றால் நாய்க்குட்டியைத் தடவுவதுபோல் குனியவேண்டும். கதவில் ஒரு கீறல். கரையான்சாவடியில் ஒரு பெயிண்டரிடம் கொண்டுபோய் விடவேண்டும். “யாருய்யா இங்க நல்லா ஓட்டுவீங்க?” என்று கேட்டார். பட்டறையே என்னைப் பார்த்தது. நான் அடக்கமாகத் தலைகுனிந்தேன். திரும்பி வர எனக்கு வண்டி வேண்டுமே என்று தனபால் தன் ஸ்கூட்டரில் பின்னால் வந்தான்.

எஸ்டேட் வாசலைத் தாண்டுவதற்குள்ளேயே அந்த வண்டிக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று தெரிந்துவிட்டது. கிளட்ச் பெடல் இறங்கவே இல்லை. காலை வைத்தேன், கல்மாதிரி நின்றது. உதைத்தேன், இறங்கியது. விட்டேன், வண்டி தவளைபோல் தாவியது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் அன்று என்னைப் பார்த்தவர்கள், ஸ்போர்ட்ஸ் கார் என்றால் குதித்துக் குதித்துப் போகிற ஜாதி என்று நினைத்திருப்பார்கள். கியர் ஒவ்வொன்றும் பட்டறையில் நான் நிராகரித்த பல்சக்கரங்களின் குரலில் கத்தியது. கரையான்சாவடி பஸ் ஸ்டாப்புக்கு நேர் எதிரே, அந்தக் கருகல் வாடையோடு, வண்டி நின்றேவிட்டது.

கடைகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். “சாருக்கு வண்டி புச்சா, இல்ல சாரே புச்சா?” என்று ஒருவர் பணிவாகக் கேட்டார். நாலு பேர் தள்ள, பெயிண்டர் கடை வாசலுக்கு நான் ஊர்வலமாகப் போய்ச் சேர்ந்தேன்.

டீக்கடையில் தனபாலிடம், “அந்த வண்டியில ஏதோ கோளாறுடா. பெடலே இறங்கல” என்றேன்.

அவன் டீயை ஊதிக்கொண்டே இருந்தான். பிறகு, “கோளாறு ஒண்ணுமில்ல மச்சான். ஸ்கூல் வண்டில என் சைடுலயும் ஒரு கிளட்ச் கீது. ரெண்டும் ஒண்ணாதான் எறங்கும். நான்தான் மிதிச்சிகினு இருந்தேன்.”

“தினமுமா?”

“தெனம்.”

“ஏண்டா சொல்லல?”

“அவ்ளோ சந்தோசமா ஓட்டிகினு வந்தியா, எதுக்குக் கெடுப்பானேன்னு வுட்டேன்.”

யோசித்துப் பார்த்தால், என் வாழ்க்கையிலேயே நான் மிகவும் ரசித்து ஓட்டிய நாட்கள் வேறொருவர் கிளட்ச் மிதித்த நாட்கள்தான். இந்த உண்மையை அன்றே ஒப்புக்கொண்டிருந்தால் பின்னால் நடைக்கோஷ்டியின் காதுகள் தப்பித்திருக்கும். ரோஷம் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறையின் ஓட்டை வேனை வாங்கிக்கொண்டு, ஆளில்லாத எஸ்டேட் தெருக்களில் தனியாகச் சுற்றினேன். வாரக்கணக்கில் தவளைதான். ஒரு நாள், ஏன் என்று தெரியாது, இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றினேன். சத்தமில்லை, குலுங்கலில்லை. எஞ்சின் ஒரு மூச்சு விட்டுத் தணிந்தது, வேன் வழுக்கிக்கொண்டு போனது. என் இடது கையும் இடது காலும் அதுவரை ஒரே வீட்டில் பேசாமல் வாழ்ந்த சகோதரர்கள், அன்றுதான் பேசிக்கொண்டார்கள். பூட்டிய பட்டறைகளைத் தவிர யாரும் பார்க்கவில்லை. அந்த ஒரு கணத்தைத் திரும்ப வாங்கலாம் என்றுதான் அந்தச் சிவப்பு வண்டியை வாங்கினேன்.

டூயல் கிளட்ச் வண்டி அந்தக் கணத்தை ஒவ்வொரு கியருக்கும் கொடுக்கிறது. அதுதான் என் மனத்தாங்கல். பிசகவே முடியாத இடத்தில் சரியாகச் செய்ததற்கு யாரை மெச்சுவது? டெஸ்ட் டிரைவ் முடிந்து வீடு திரும்பியதும் இதைச் சுமதியிடம் விளக்கினேன். அவள் கழுத்தைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

“அந்த ஒரு பிரேக்க விட்டுட்டா, கல்யாணமானதுலேர்ந்து இன்னைக்குத்தாங்க நீங்க ஓட்டி நான் தலையாட்டாம வந்திருக்கேன். அதுல என்ன குறை?”

ஆதரவு தேடித் தனபாலுக்குப் போன் செய்தேன். டிரைவிங் ஸ்கூலை மகனிடம் விட்டுவிட்டு இப்போது வீட்டில்தான் இருக்கிறான். கிளட்ச் என்பது ஓட்டுகிறவனின் மானம், அதை விடலாமா என்று கேட்டேன்.

“அட போ மச்சான்! நான் ஆட்டோமேட்டிக் வாங்கி எவ்ளோ நாளாச்சு. ஊர்ல கீற அத்தினி பேர் காலுக்கும் சேத்து நானே கிளட்ச் மிதிச்சிகீறேன். இப்ப எனுக்கு ஒண்ணு மிதிக்குது, சொகமா குந்திகினு வரேன். நீ இன்னும் மானம் கீனம்னு பேசிகினு கீற. முட்டி வலிக்குதா இல்லியா?”

“வலிக்குது.”

“அப்பறம் இன்னா? குட்து வுட்ரு.”

கொடுத்துவிட்டேன். போன வெள்ளிக்கிழமை சிவப்பு வண்டியைக் கடைசியாக ஓட்டிக்கொண்டு ஷோரூமுக்குப் போனேன். விடைபெறும் பயணத்துக்கு நல்ல நீளமாக இருக்கட்டும் என்று ஆவடிப் பக்கம் சுற்றிக்கொண்டு போனது தப்பு. வழிநெடுக நெரிசல், முதல் கியர்தான். வேலிகாத்தான் இருந்த பக்கம் அடுக்ககங்கள், பால்கனிகளில் துணி காய்கிறது. மாடுகள் எங்கே போயின என்று தெரியவில்லை. எஸ்டேட்டில் எங்கள் பட்டறை இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம். கழுத்தில் அட்டை மாட்டிய பிள்ளைகள் வாசலில் நின்று குளிர்ந்த காபி குடிக்கிறார்கள். அவர்கள்மேல் எந்த எண்ணெய் வாடையும் இல்லை.

இடமெல்லாம் மாறத்தான் செய்யும். எனக்குக் குறைவது வேறொன்று. குவார்ட்டர்ஸில் நாங்கள் கிரிக்கெட் ஆடும்போது, திருப்பத்தில் ஒரு ஜீப் கியர் மாற்றுகிற சத்தம் கேட்டாலே ஓட்டுகிறவர் யார் என்று சொல்லிவிடுவோம். ஒருவர் கியரைக் கெஞ்சுவார், ஒருவர் அதட்டுவார். ஒருவர் மூன்றாவதைப் போடுமுன் செருமுவதுபோல் ஒருமுறை ஆக்சிலேட்டரைத் தட்டுவார். கையெழுத்து மாதிரி அது. இப்போது எல்லோருமே ஒரே மாதிரி, நன்றாக, சத்தமில்லாமல் கியர் மாற்றுகிறோம். கண்ணை மூடிக்கொண்டால் சாலையில் போவது யார் என்று தெரிவதில்லை.

ஷோரூமில் நவீன் சிவப்பு வண்டியை எடுத்து ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான். முகத்தில் உண்மையான ஆச்சரியம்.

“சார், கிளட்ச் எப்ப மாத்துனீங்க?”

“மாத்தவே இல்ல. வாங்கும்போது இருந்ததுதான்.”

“ஏழு வருஷமாவா? சான்ஸே இல்ல சார். புதுசு மாதிரி பிடிக்குது.”

என் முழங்கால்கூட ஒரு நிமிடம் வலிக்கவில்லை. நிமிர்ந்து நின்றேன். “அது காலோட பக்குவம் தம்பி. எங்க பிடிக்கணும், எங்க விடணும்னு தெரிஞ்சிருக்கணும்” என்றேன்.

சுமதி போனிலிருந்து தலையைத் தூக்கினாள்.

“காலெல்லாம் ஒண்ணுமில்லப்பா. முக்காவாசி இவரு வாயாலயே ஓட்டின வண்டி அது. கிளட்ச் எங்கேர்ந்து தேயும்?”