புதுப்பட்டினத்து முயல்காரம்மா

புதுப்பட்டினம் மார்க்கெட் முனையில் முயல் விற்கும் அந்த அம்மாவின் பெயர் எனக்குத் தெரியாது. ஒல்லியான உடம்பு, வெற்றிலைச் சிவப்பில் வாய். எந்த முயலைத் தூக்கினாலும், அது மிரளாமல் இருக்க முதலில் முந்தானையால் கண்ணை மூடிவிடுவார். குட்டி போட்டால் என்னால் சமாளிக்க முடியாது, இரண்டும் பெண்ணாக வேண்டும் என்று கேட்டேன். கூண்டு மூலையில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்த இரண்டை எடுத்துக் கொடுத்தார்.

"ரெண்டும் பொட்டதான் சார்."

சில மாதம் கழித்து ஒன்று தன் நெஞ்சு முடியைப் பிய்க்க ஆரம்பித்தது. சொறி என்று பயந்து, கூடையில் வைத்து அவரிடம் ஓடினேன்.

வயிற்றைத் தடவிப் பார்த்தார். "நோவு இல்ல சார். குட்டிங்களுக்கு மெத்த போட்டுகினு கீது. சீக்கிரம் வூட்டுக்குப் போயி, ஒரு மரப்பெட்டில வைக்கோல் போட்டு இருட்டான எடத்துல வையுங்க."

"ரெண்டும் பொட்டன்னு சொன்னீங்களேம்மா."

"அப்டியா சொன்னேன்?" என்றபடி, கூடையிலும் என் சட்டையிலும் ஒட்டியிருந்த முடியைப் பொறுக்கிக் காகிதத்தில் மடித்துத் தந்தார். "இதையும் அதுல போடுங்க. குட்டிங்களுக்காவ பிச்சது."

தெரியாமல் கொடுத்தாரா, ஒட்டிக் கிடந்த இரண்டைப் பிரிக்க மனம் வராமல் கொடுத்தாரா? கேட்க வேண்டும் என்றுதான் ஒவ்வொரு முறையும் போகிறேன். குட்டிகளுக்கு என்ன தீனி போடலாம் என்று கேட்டுவிட்டு வந்துவிடுகிறேன்.