ஒரு தலை, மூன்று மொட்டை

நேற்றுச் சாயங்காலம் சிராங்கூன் ரோட்டில் பக்கத்து வீட்டு மாப்பிள்ளை என்னை வழிமறித்து, கையில் பாதி லட்டை வைத்தார். புதுப் பெண்டாட்டியோடு திருப்பதிக்குப் போய்விட்டு வந்திருக்கிறார். தலை மழமழவென்று இருந்தது. அதன்மேல் கெட்டியாகச் சந்தனம்.

"மலை ஏறினது கஷ்டமா இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"எங்க ஏறினோம்? பஸ்லயே மேலே போய்ட்டோம் லா," என்றார். காலையில் போய் மத்தியானச் சாப்பாட்டுக்கு இறங்கியும் விட்டார்களாம். பெருமாளே ஒரு கணம் திகைத்திருப்பார், இவர்கள் வந்தார்களா போனார்களா என்று.

சந்தன வாசனை மூக்கில் ஏறியதும் என் உச்சந்தலை அரித்தது. அங்கே அரிப்பதற்கு இப்போது ஒன்றுமில்லை என்பது வேறு விஷயம். ஆனால் முதல் உலகச் சண்டைக்கு முன்னால், எனக்கு இருபத்திரண்டு வயதில், அங்கே ஒரு காடே இருந்தது. தேங்காய் எண்ணெய் தடவி நடுவகிடு எடுத்து, ஆற்றங்கரைக் கிடங்குக்கு வேலைக்குப் போனால் தோணிக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். முடியைப் பார்த்தார்களா, முடிக்கு நான் காட்டிய மரியாதையைப் பார்த்தார்களா, தெரியாது.

அந்தத் தலையைத்தான் நான் மூன்று பேருக்கு வாக்குக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

திருப்பதிக்குப் போக எனக்கு ஆசை வந்தது பக்தியால் அல்ல. இங்கே சிங்கப்பூரில் பிறந்தவன், மலை என்றால் எனக்குப் புக்கிட் தீமாதான். அதில் ஒருமுறை ஏறிவிட்டு நாலு நாள் நொண்டினேன். அப்புறம் நாலு வருஷம் அதைப் பற்றியே பேசினேன். ஏழு மலையை ஒரே மூச்சில் ஏறிவிட்டு வந்தால் என்னைப் பிடிக்க முடியுமா?

லீவு கேட்டதும் பெரிய கிராணியார் யாருக்கும் கேட்காதபடி அறைக் கதவைச் சாத்தினார். கிராணி என்றால் இங்கே குமாஸ்தா. பெரிய கிராணி என்றால் குமாஸ்தாக்களின் எமன். எமனுக்கு மூல வியாதி. குணமானால் திருப்பதியில் முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டாராம், குணமும் ஆகிவிட்டதாம். ஆனால் மொட்டைத் தலையோடு துரைக்கு முன்னால் போய் நிற்க முடியாதாம். "நீதான் போறியே, என் பேரைச் சொல்லி நீ போட்டுக்க," என்றார். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்பது இதுதான். இரண்டரை மாத லீவு கிடைத்தது.

அடுத்து பால்கார ராமையா. குதிரைப் பந்தயத் திடலுக்குப் பின்னால், இப்போது ஃபேரர் பார்க் என்கிறார்களே, அதற்குப் பக்கத்தில்தான் அவருடைய மாட்டுக்கொட்டகை. கொள்ளை நோயில் தெருவில் பாதி மாடு செத்தபோது அவருடைய எருமை பிழைத்துக்கொண்டது. அதற்காக ஒரு மொட்டை பாக்கி. எருமைக்கு எதற்கு மொட்டை, அது பிறந்ததிலிருந்தே பாதி மொட்டைதானே என்றேன். கோபப்படாமல் தன் டிரங்குப் பெட்டியை எனக்கு இரவல் கொடுத்தார். பெட்டியை வாங்கிய கை, தலையையும் கொடுத்துவிட்டது.

இந்த இரண்டும் காரியத்துக்காகக் கொடுத்த வாக்கு. மூன்றாவது அப்படி இல்லை.

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தது அஞ்சலை அக்காவிடம். கணவர் போனபிறகு எருமைச் சந்துக்குள் ஒரு அறையில் இட்லி சுட்டு எங்களைப் போன்ற பிரம்மச்சாரிகளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தவள். அவளுடைய ஒரே மகள் பாப்பாத்திக்கு ஏழு வயது. விஷக்காய்ச்சலில் நாற்பது நாள் கிடந்து பிழைத்தாள். ஆனால் முடி முழுக்கக் கொட்டிப்போயிற்று. முதல் நாள் வாசலுக்கு வந்தவளைத் தெருப் பிள்ளைகள் "மொட்டை, மொட்டை" என்று சந்துமுனை வரைக்கும் துரத்தினார்கள். அன்றைக்கு உள்ளே போனவள்தான். அப்புறம் வாசற்படியைத் தாண்டவில்லை. வெயில் படாமல் மறுபடியும் வெளுத்துக்கொண்டே வந்தாள். பிழைத்த பிள்ளையை இருட்டில் வைத்துப் பறிகொடுத்துவிடுவோமோ என்று அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே மாவாட்டினாள்.

எனக்குத் தாங்கவில்லை. கதவிடுக்கில் நின்றவளிடம் சொன்னேன். "நான் மலைக்குப் போய் மொட்டை போட்டுட்டு வர்றேன். ரெண்டு மொட்டையும் சேந்து குதிரை பாக்கப் போவோம்."

அவள் என் வகிட்டையே பார்த்தாள். "பொய் சொல்லக் கூடாது மாமா. நீங்க மொட்டையோட வந்தாத்தான் நான் வெளியே வருவேன்," என்றாள்.

கப்பல், நாகப்பட்டினம், ரயில் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன்; வாந்தியைப் பற்றி விவரமாக எழுதி யாருக்கு என்ன லாபம்? மலையடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்ததும் என் புக்கிட் தீமா வீரம் கால்வழியாக இறங்கிப் போயிற்று. படிக்கு மேல் படி. எழுபது வயதுக் கிழவர்கள் "கோவிந்தா" என்று கத்திக்கொண்டே என்னைத் தாண்டிப் போனார்கள். நானும் கத்தினேன், மூச்சுத்தான் வந்தது. முழங்கால் முறிச்சான் என்று ஓர் ஏற்றம் உண்டு. பேர் வைத்தவன் பொய் சொல்லத் தெரியாதவன். அதில் நாலு காலில் ஏறினேன். குரங்கு ஒன்று இனத்தான் என்று நினைத்ததோ என்னவோ, கூடவே வந்து என் வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு போயிற்று.

மேலே முடி இறக்குகிற கல்யாணக் கட்டையில் நாவிதர் தண்ணீர் தெளித்து, யார் பேருக்கு என்று கேட்டார். மூன்று பேரையும் சொன்னேன். கத்தியை இறக்கிவிட்டார்.

"தலையா இது, பாகம் பிரிக்கிற நிலமா?"

ஒரு தலைக்கு ஒரு வேண்டுதல்தான் என்றார். நான் கெஞ்சினேன். கடைசியில் என் தலை தரித்திரத்தைப் பார்த்து அவரே எல்லை வகுத்தார். முன்பக்கம் கிராணியாரின் மூலத்துக்கு. பிடரிப்பக்கம் எருமைக்கு. உச்சி பாப்பாத்திக்கு. ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியாகக் கோவிந்தா போட்டோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கைகொட்டிச் சிரித்தார். எனக்கு மட்டும், அந்தப் பெண்ணுக்குப் போய் மூன்றில் ஒரு பங்குதானா என்று உறுத்தியது.

உறுத்தலுக்குப் பெருமாள் வழி பண்ணினார். ஊரில் சித்தப்பா வீட்டில் மூன்று வாரம் இருந்துவிட்டுக் கப்பலேறினேன். வழியில் ஒருவருக்கு அம்மை போட்டது. சிங்கப்பூர் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், செயின்ட் ஜான்ஸ் தீவில், அத்தனை பேரையும் இறக்கி அடைத்துவிட்டார்கள். மருந்துத் தண்ணீர் வாசனை, கஞ்சி, கருவாடு. கடலுக்கு அந்தப்பக்கம் ஊர். நாள் போகப் போக என் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். வெட்கமில்லாமல் வளர்ந்திருந்தது. இறங்குகிற நாளில் விரல்கடை நீளம். கிராணியாரும் ராமையாவும் நான் சத்தியம் செய்தால் நம்புவார்கள். கதவிடுக்கில் நிற்பவள் நம்புவாளா?

கப்பலில் கூட வந்த நாவிதர் ஒருவரும் அங்கே அடைபட்டிருந்தார். அவர் முன்னால் போய் உட்கார்ந்தேன். "யாருக்குத் தம்பி காரியம்? ஊர்ல யாரு தவறிட்டாங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

"செத்தவங்களுக்கு இல்லண்ணே. பொழைச்சவளுக்கு," என்றேன்.

அந்த மொட்டைக்குக் கோவிந்தா இல்லை, சந்தனம் இல்லை, படி ஏறவில்லை. முழுத் தலையும் அவளுக்கே. சாமிக்கு அதில் பங்கே கிடையாது. அவர் கோபித்துக்கொண்டதாகவும் தெரியவில்லை.

சந்துக்குள் நுழைந்தபோது அக்கா கரண்டியும் கையுமாக ஓடி வந்தாள். கதவிடுக்கைப் பார்த்தேன். பாப்பாத்தி நின்றிருந்தாள். தலை நிறையச் சுருள்சுருளாக முடி! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"முடிதான் வந்துருச்சே, வெளியே வாடின்னா கேக்க மாட்டேங்குறா தம்பி," என்றாள் அக்கா. "மாமா வரட்டும், சொல்லியிருக்கேன்லங்குறா."

பாப்பாத்தி என்னைக் குனியச் சொன்னாள். என் தலையை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தாள், முன்னால், உச்சியில், பிடரியில். பிறகு என் விரலைப் பிடித்துக்கொண்டு வாசற்படியைத் தாண்டினாள். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினாள்.

சந்துமுனையில் அதே பிள்ளைகள். "மொட்டை, மொட்டை" என்று கூவினார்கள், என்னைப் பார்த்து. பாப்பாத்தி என் விரலை விட்டாள், குனிந்து ஒரு கல்லை எடுத்தாள், ஒரே வீச்சு. கூட்டம் சிதறி ஓடிற்று. "நீங்க வாங்க மாமா," என்றாள்.

அப்புறம் நாங்கள் குதிரை பார்த்தோம்.

பந்தயத் திடலைத் தூரமாகக் கொண்டுபோய்விட்டார்கள். ராமையாவும் இல்லை, எருமையும் இல்லை. அக்காவின் அறை இருந்த இடத்தில் சைக்கிள் கடை. பாப்பாத்தி கல்யாணமாகி ஈப்போவுக்குப் போனாள். வருஷா வருஷம் தீபாவளிக்குக் கடிதம் போடுவாள். ஜப்பான்காரன் வந்த வருஷத்தோடு கடிதம் நின்றுபோயிற்று. மலைக்கு இப்போது பஸ் போகிறது.

என் தலை யாரும் வேண்டிக்கொள்ளாமலே மொட்டையாகிவிட்டது. மாப்பிள்ளை கொடுத்த லட்டைத் தின்றுகொண்டே அந்தச் சந்துமுனை வழியாகத்தான் நேற்று வீட்டுக்கு நடந்தேன். பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார்கள். இப்போதெல்லாம் என்னைப் பார்த்து யாரும் மொட்டை என்று கூவுவதில்லை. கூவினாலும், கல்லெடுக்க ஆளில்லை.