அம்மா தண்ணீர் குடிக்காத நாள்

சிதம்பரத்தில் ஒரு தெருமுனை. உச்சி வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஊர் சுற்றிப் பார்க்கலாம் என்று கடலூரிலிருந்து அம்மாவைக் கூட்டிவந்திருக்கிறேன். காலையிலிருந்து அவள் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

“மயக்கம் போட்டு வுழப்போற. குடிம்மா.”

“வூட்டுக்குப் போயி குடிச்சுக்கிறேன்.”

கத்திவிடுகிறேன். எதிரே பூக்கட்டிக்கொண்டிருக்கும் அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

“அவுங்கள ஏன் திட்டுற? பொம்பளைங்க ஒதுங்க இங்க ஒரு எடம் காட்டு பாப்போம். நானும் காலையில குடிச்ச டீயோட சரி. வெளிய கெளம்புனா நாங்க தண்ணியத் தொடறதில்ல.”

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்கிறாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இவ்வளவு ஜனம் வந்துபோகிற ஊரில் ஒரு கதவும் தாழ்ப்பாளும் வைக்க எவனுக்கும் துப்பில்லை. யாரைப் பிடித்துக் கேட்பது என்று சுற்றிலும் பார்க்கிறேன். அந்தச் சுவர் கண்ணில் படுகிறது.

ரெண்டு இளநீர் குடித்துவிட்டு, சற்றுமுன் நான் ஒதுங்கிய சுவர். திரும்பி வரும்வரை அம்மா என் பையைப் பிடித்தபடி, அந்தப் பக்கம் பார்க்காமல் நின்றிருந்தாள்.