கழுகுக்கண்ணர் சிஸ்டம் மாற்றிய கதை

எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி போடாத ஒரே ஆள் முதலாளிதான். முதலாளி வேறு யாருமில்லை, என் அக்கா வீட்டுக்காரர்; நான் அவருக்கு மச்சினி. கடைத்தெருவில் அவருக்குக் கழுகுக்கண்ணர் என்று பெயர். ஊரார் ஆசையாக வைத்த பெயர் என்று நினைத்துவிட வேண்டாம். அவரே வைத்துக்கொண்டு, அடுத்தவர் வாயில் ஏறும்வரை அவரே சொல்லிச் சொல்லிப் பரப்பிய பெயர். "அறுபதை நெருங்கிட்டேன், இன்னிக்கு வரைக்கும் ஒரு கண்ணாடி போட்டதில்ல" என்று கண்ணாடி வாங்க வந்தவரிடமே மார்தட்டுவார். ஓட்டல்காரர் சாப்பிட வந்தவரிடம், நான் வீட்டில்தான் சாப்பிடுவேன் என்று பெருமை அடித்துக்கொள்வது போல இருக்கும். இருந்தும் வியாபாரம் எப்படியோ நடந்துவிடும்.

தொழிலில் ஆளைக் குறை சொல்ல முடியாது. சின்ன வயதில் வேறொரு கடையில் லென்ஸ் தேய்க்கப் போனவர், வேலை பார்த்துக்கொண்டே படித்துப் பரீட்சை எழுதி, கண் சோதிக்கக் கற்றுக்கொண்டு, கடைசியில் சொந்தக் கடை போட்டார். பின்னறையில் லென்ஸைப் பிரேமுக்கு ஏற்றபடி தேய்த்துப் பொருத்துவது என் வேலை. முன்னால் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பில் போடுவதும் லென்ஸ் ஆர்டர் அனுப்புவதும் அக்கா. நடுவில் இருக்கும் இருட்டறையில்தான் கண் பரிசோதனை. அது மாமாவின் ராஜ்யம்.

அக்காவுக்கு நாற்பதைத் தொடும்போது கண்ணாடி வந்தது. சோதித்ததும் இவர்தான், மாட்டிவிட்டதும் இவர்தான். மாட்டிவிட்ட கையோடு "சோடாபுட்டி" என்று பெயரும் வைத்தார். அன்றிலிருந்து விடிந்தால் சோடாபுட்டி, பொழுது சாய்ந்தால் சோடாபுட்டி. ஒரு நாள் சம்பந்தி வீட்டார் எதிரிலேயே அப்படிக் கூப்பிட்டுத் தொலைத்தார். அக்கா அவர்கள் முன்னால் சிரித்துச் சமாளித்துவிட்டு, அவர்கள் தலை மறைந்ததும் சொன்னாள்: "உங்களுக்கும் ஒரு நாள் வரும். அன்னிக்கு இருக்கு உங்களுக்கு."

அந்த நாள் வந்து ரொம்பக் காலம் ஆகிவிட்டது. எனக்கு மட்டும்தான் தெரியும். செய்தித்தாளில் தலைப்பை மட்டும் படித்துவிட்டு, "உள்ள எல்லாம் வெட்டிப்பேச்சு" என்று மடித்து வைப்பார். ஓட்டலில் மெனு அட்டை வந்தால், "நீ என்ன சொல்றியோ அதையே எனக்கும் சொல்லு" என்பார். சோதனை லென்ஸை என் முன்னால் நீட்டி, "இது எத்தனை பவர், சொல்லு பாப்போம்" என்று கேட்பார். பவர் அந்த லென்ஸின் பிடியில் பொடி எழுத்தில்தான் இருக்கும். நமக்குத் தொழில் கற்றுத் தருகிறார் என்று நானும் கொஞ்ச நாள் உச்சி குளிர்ந்து கிடந்தேன். ஒரே லென்ஸைக் காலையிலும் கேட்டு மாலையிலும் கேட்டபோதுதான் விஷயம் விளங்கியது. தெருக்கோடியில் திரும்பும் பஸ்ஸின் நம்பரைச் சொல்லிவிடுவார். கைக்குப் பக்கத்தில் இருப்பதுதான் அவருக்குக் கலங்கிப் போகும். வயதானால் எல்லாருக்கும் வருவதுதான். அதை அக்காவிடம் போய்ச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நானும் மூச்சு விடவில்லை. எனக்கு இரண்டு பேருமே வேண்டும்.

இந்த நிலைமையில் அக்கா, மகளின் பிரசவத்துக்காக அவள் ஊருக்குக் கிளம்பிப் போனாள். போன கொஞ்ச நாளிலேயே கடைக் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணியது. லென்ஸ் கம்பெனியின் ஆர்டர் பக்கம் திறக்கவே இல்லை. சர்வீஸ்காரர் வந்து பார்த்து, இந்தப் பழைய சிஸ்டத்துக்கு ஆயுள் முடிந்துவிட்டது என்று தீர்ப்புச் சொன்னார். பழைய பில்களையெல்லாம் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, புது ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டுக் கொடுத்தார். கிளம்பும்போது, "பேரு, படம், எழுத்து, கலரு எல்லாம் இனிமே உங்க இஷ்டத்துக்கு மாத்திக்கலாம் சார்" என்று ஒரு வார்த்தை சொன்னார். மனிதர் வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம்.

அக்காவுக்கு போனில் சேதி போனது. "பில்ல மட்டும் போடுங்க. மத்தத நான் வந்து பாத்துக்கறேன். எதையும் நோண்டாதீங்க" என்றாள்.

"நான் எதுக்கு நோண்டறேன்? எனக்கு வேற வேல இல்லையா?" என்றார் மாமா. போனை வைத்த கையாலேயே மவுஸைப் பிடித்தார்.

உங்களை எப்படி அழைக்கட்டும் என்று கம்ப்யூட்டர் கேட்டது. "கழுகு" என்று கொடுத்தார். மறுநாள் காலையில் "வணக்கம், கழுகு" என்று அது வரவேற்றதும் ஆளுக்கு முகத்தில் ஒரு களை வந்துவிட்டது. வீட்டில் யாரும் இத்தனை மரியாதையாகப் பேசியதில்லை. அணைத்துவிட்டு மறுபடி போட்டு, இன்னொரு தரம் வணக்கம் வாங்கிக்கொண்டார்.

பிறகு அம்பு. மவுஸ் அம்பு எங்கே போகிறது என்று தெரியவில்லை என்று சொல்வாரா? "இது ரொம்பப் பொடிசா இருக்கு, கடைக்கே மதிப்பா இல்ல" என்றார். செட்டிங்ஸில் தேடிப் பிடித்து அதைப் பெரிதாக்கினார். அது வளர்ந்து வளர்ந்து உள்ளங்கை அகலத்துக்கு வந்து நின்றது. சிவப்பு நிறமும் கொடுத்தார். எதைத் தொடப் போனாலும் அதையே மறைத்துக்கொண்டு நின்றது. முன்பு அம்பு தெரியாமல் தடவியவர், இப்போது அம்பைத் தவிர வேறெதுவும் தெரியாமல் தடவினார்.

அதற்குள் பேத்தி பிறந்தாள். அக்கா படம் அனுப்பினாள். அதை ஸ்கிரீன் முழுக்கப் போட்டே தீர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். படத்தைப் பெரிதாக்கு, இன்னும் பெரிதாக்கு என்று அழுத்திக்கொண்டே போனதில் கடைசியில் குழந்தையின் மூக்கும் ஒரு பக்கக் கன்னமும் மட்டும் மிஞ்சின. மாமாவுக்கு மனசு நிறைந்துவிட்டது. சில்லறை மாற்ற வந்த மருந்துக்கடைக்காரரைப் பிடித்து இழுத்து வந்து, எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

அவர் உற்றுப் பார்த்துவிட்டு, "நல்ல மலை சார். எப்ப போயிட்டு வந்தீங்க?" என்றார்.

"என் பேத்திங்க."

"அதான பாத்தேன். ஜாடை அப்படியே உங்களை உரிச்சு வெச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு, சில்லறையைக்கூட வாங்காமல் போய்விட்டார் அந்த நல்ல மனிதர்.

பெயரும் படமும் விளையாட்டு. எழுத்தில்தான் உண்மையான கூத்து. எழுத்தைப் பெரிதாக்கும் இடத்தைக் கண்டுபிடித்த அன்று புதையல் கிடைத்தவர் மாதிரி பின்னறை வரை ஓடி வந்தார். கொஞ்சம் கூட்டினார், தெரியவில்லை. இன்னும் கூட்டினார். மூன்று மடங்குக்கு வந்தபோதுதான் "ஆங், இது எழுத்து" என்றார். திரையில் ஒரு நேரத்தில் இரண்டு மூன்று வார்த்தைக்கு மேல் இடம் இல்லை. வாடிக்கையாளர் பெயரைப் பார்த்துவிட்டு, பவரைப் பார்க்க நகர்த்திக்கொண்டு போவதற்குள் பெயர் மறந்துபோகும். பில்லின் எழுத்தையும் சேர்த்துக் கூட்டி வைத்திருந்தார். ஒரு பிரேமுக்கு மூன்று தாளில் பில் வந்தது. "இத பாக்கெட்ல வைக்கறதா, செவத்துல ஒட்டறதா?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

போதாக்குறைக்கு, திரையில் இருப்பதைக் கம்ப்யூட்டரே வாசித்துக் காட்டும் வசதி ஒன்று கண்ணில் பட்டது. கண்ணுக்கு வேலையே இல்லை என்றால் யாருக்குத்தான் கசக்கும்? போட்டுவிட்டார். அன்றைக்கெல்லாம் கடை பஸ் நிலையமாகிவிட்டது. ஒரு பெண் குரல் எதையும் விடாமல், யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் வாசித்துத் தள்ளியது. புதுப் பிரேம் எடுக்க வந்திருந்த அழகு நிலையக்காரம்மா, தன் தோழிகளோடு நின்றுகொண்டிருந்தார். அவர் பிறந்த வருஷத்தைக் குரல் கணீரென்று அறிவித்தது. தோழிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அழகு நிலையக்காரம்மா பிரேமையும் எடுக்கவில்லை, தோழிகளையும் அழைத்துக்கொள்ளவில்லை, விறுவிறுவென்று நடந்துவிட்டார். மாமா பதறிப்போய்க் குரலை நிறுத்தப் பார்க்க, நிறுத்தும் பட்டனின் பெயரையும் அது வாசித்தது. கடைசியில் ஸ்பீக்கர் வயரையே பிடுங்கிப் போட்டார்.

அப்போதுதான் அக்கா போன் செய்தாள். "நாளைக்குக் காலையில வந்துடுவேன். நேரா கடைக்குத்தான்."

மாமாவுக்கு வியர்த்துவிட்டது. உள்ளங்கை அகல அம்பையும் மூன்று மடங்கு எழுத்தையும் பார்த்தால், கண்ணாடிக் கடையில் பாதி வாழ்க்கையைக் கழித்தவளுக்கு விஷயம் விளங்க எத்தனை நேரம் ஆகும்? "எல்லாத்தையும் பழையபடி ஆக்கணும், வா" என்று என்னை இழுத்து உட்கார வைத்தார். எனக்குத் தேய்க்கிற மெஷினைத் தவிர வேறு மெஷின் தெரியாது. அதிலும் எழுத்து பெருத்துப் பெருத்து, செட்டிங்ஸ் பெட்டியே திரைக்குள் அடங்கவில்லை. சரி என்று அழுத்த வேண்டிய பட்டன் திரைக்குக் கீழே எங்கேயோ பாதாளத்தில் கிடந்தது. எட்டிப் பிடிக்க வழியில்லை. சர்வீஸ்காரரைக் கூப்பிட்டால், நாளை மாலைதான் வர முடியும் என்றார். "வைரஸ்னு சொல்லிடலாமா?" என்றார் மாமா. வணக்கம் சொல்லும் வைரஸை நான் பார்த்ததில்லை என்றேன்.

மறுநாள் பெட்டியும் பையுமாக அக்கா வந்து இறங்கினாள். பேத்தி புராணத்தை ஒரு மூச்சு பாடிவிட்டு, தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். திரையைப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள். மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தாள்.

"யாரு இப்படிப் பண்ணினது?"

மாமாவின் விரல் என்னை நோக்கி நீண்டது. எனக்கு வந்த கோபத்தில் கையில் இருந்த பிரேமை உடைத்திருப்பேன்.

"நல்லா இருக்குடி" என்றாள் அக்கா. "இப்படியே இருக்கட்டும்."

பாராட்டு என் பக்கம் வந்ததும் மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "அவளுக்கு என்ன தெரியும்? நான்தான் பண்ணினேன்" என்றார். சொன்ன பிறகுதான் எங்கே போய் மாட்டிக்கொண்டோம் என்று உறைத்தது. "உனக்காகத்தான்" என்றார்.

புளுகு. நானும் அவரும் அறிந்த பச்சைப் புளுகு. ஆனால் அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குக் கண்ணு சரியாத் தெரியலன்னு நான் யார்கிட்டயும் சொல்லவே இல்லயே. எப்படிங்க கண்டுபிடிச்சீங்க? இந்தக் கண்ணாடி ரொம்ப நாளாவே பத்தல. மூணும் எட்டும் ஒண்ணாத்தான் தெரியுது. குத்துமதிப்பாத்தான் போட்டுட்டு இருக்கேன்."

"சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா சும்மா விடுவீங்களா? சோடாபுட்டிக்கே வாய் ஓயல."

மாமா தப்பித்துவிட்டார். அவர் ரகசியம் இனி ஆயுசுக்கும் பத்திரம், போதாததற்கு நல்ல புருஷன் என்ற பெயரும் சும்மா வந்து விழுந்திருக்கிறது. நானாக இருந்தால் அங்கேயே ஒரு ஆட்டம் போட்டிருப்பேன். அவர் முகம் மட்டும் செத்துப் போயிருந்தது. ஊருக்கெல்லாம் கண்ணாடி கொடுக்கிறவரின் பெண்டாட்டி, அவர் வாய்க்குப் பயந்து, அவர் கடையிலேயே கண் தெரியாமல் உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

"உள்ள வா" என்றார்.

இருட்டறை நாற்காலியில் அக்காவை உட்கார வைத்து, சோதனைப் பிரேமை மாட்டினார். பெட்டியிலிருந்து ஒரு லென்ஸை எடுத்தார். வழக்கம்போல நான் வாசித்துச் சொல்ல முன்னால் நகர்ந்தேன். "இரு" என்றார். வெளியே போய், ஸ்டாண்டில் தொங்கிய படிக்கிற கண்ணாடிகளில் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தார். விலைச்சீட்டு மூக்குக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

அக்கா அதையே பார்த்தாள்.

"எனக்கும் தெரியல" என்றார் மாமா. "வருஷக்கணக்கா. அதெல்லாம் எனக்காகத்தான் பெருசாக்கினேன். உனக்காகன்னு சொன்னது பொய்."

இத்தனை காலம் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் அக்கா அப்போது கொட்டியிருக்கலாம். வாயைத் திறக்கவும் செய்தாள். அதற்குள் மாமா லென்ஸைப் பொருத்த அவள் முகத்தருகே குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னங்க?"

"கண்ணுக்குக் கீழ இந்த மச்சம். இன்னும் இருக்கா?"

"அது எங்க போகும்?"

"கொஞ்ச வருஷமா காணோம். வயசானா மறைஞ்சு போயிடும் போலன்னு நினைச்சிட்டு இருந்தேன்."

"ஒரு வார்த்தை என்னைக் கேக்கக் கூடாதா?"

"கேட்டா, கண்ணு தெரியலயான்னு திருப்பிக் கேட்டிருப்ப."

மாமா கையிலிருந்த லென்ஸைப் பொருத்திக்கொண்டே, "அழாத. கண்ணு கலங்கினா பவர் தப்பா வரும்" என்றார்.

"நான் எங்க அழறேன்? உங்க கண்ணாடியைக் கழட்டித் தொடைங்க" என்றாள் அக்கா.