சிவப்பு முத்திரைக்கு மேல் ஒட்டிய ஃபிலிம்

என் மனைவி சீனாவின் வரிச் சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவள். நான் அபுதாபி முசஃபாவில் லாரிகளுக்கும் வேன்களுக்கும் ஸ்டிக்கர் ஒட்டுகிறவன். பத்தாவதோடு என் படிப்பு நின்றுவிட்டது. எங்களை எப்படிச் சேர்த்து வைத்தாய் என்று முருகனை இன்றும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஊரில் சட்டம் படித்தவள், இங்கே வந்து ஒரு சரக்குக் கம்பெனியில் பேப்பர் வேலை பார்த்தாள். சீனாவிலிருந்து வரும் பெட்டிகளின் ஆவணங்கள் அவள் கையில். ஒருநாள் சாப்பிடும்போது கேட்டாள்: "ஏங்க, சரக்கு வெளிநாட்டுக்குப் போனா, வாங்குன வரிய சீனா கவர்மெண்டே திருப்பிக் குடுக்குது. கைக்கு வந்ததை எதுக்குங்க திருப்பிக் குடுக்கணும்?"

"நீயே படிச்சுப் பாரு" என்றேன், ரசம் ஆறிவிடுமே என்ற அவசரத்தில்.

படித்தே விட்டாள். முதலில் சீன மொழி. பிறகு அங்கேயே ஒரு பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையோடு ஆறு வருஷம். நான் வீட்டைக் காலி செய்துவிட்டு பல பேர் சேர்ந்து தங்கும் ரூமில் ஒரு கட்டிலுக்குப் போனேன். ரூம்காரர்கள் சும்மா விடுவார்களா?

"எல்லாவனும் பொண்டாட்டிய ஊர்ல விட்டுட்டு இங்க வருவான். உன்னை இங்க விட்டுட்டு உன் பொண்டாட்டி சீனா போயிருச்சேப்பா!"

சிரித்துக்கொண்டே சாம்பார் கிண்டுவேன். செவ்வாய்க்கிழமை தோறும் அவளுக்காக விரதம் இருந்தேன்.

பட்டத்தோடு வந்தாள். மறுபடி வீடு எடுத்தோம். அந்தப் பாடத்தையே நடத்த இங்குள்ள ஒரு பல்கலைக்கழகம் அவளைக் கூப்பிட்டது. பத்து நாளுக்குள் அசல் சான்றிதழில் அரசு முத்திரை வாங்கித் தர வேண்டும், அவ்வளவுதான்.

சான்றிதழை, அரசு விண்ணப்பங்களைப் போட்டுத் தரும் டைப்பிங் சென்டருக்குக் கொண்டு போனோம். அங்கிருந்தவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"பாய், இது மாஃபி, நடக்காது. பிளாஸ்டிக் மேல ஸ்டாம்ப் எப்படி நிக்கும்?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். சான்றிதழ் வீட்டுக்கு வந்த அன்று முருகன் படத்தடியில் வைத்துத் திருநீறு இட்டேன். விளக்கிலிருந்து எண்ணெய் பட்டுவிடுமோ என்று பயந்து, மறுநாளே கடைக்குக் கொண்டு போய், வண்டி ஸ்டிக்கர் வெயிலில் வெளுக்காமல் இருக்க ஒட்டுகிற ஃபிலிமை இரண்டு பக்கமும் ஒட்டியிருந்தேன். ஒரு குமிழ் இல்லை. பெருமையாக வேறு இருந்தது.

"தொலைஞ்சாலும் கிழிஞ்சாலும் சீனாவுல இன்னொண்ணு தரமாட்டாங்கங்க" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

ஞாயிற்றுக்கிழமை காலை, கடை மூடியிருந்த நேரத்தில், அவளையும் கூட்டிக்கொண்டு உள்ளே போனேன். பழைய ஸ்டிக்கரை உரிக்க நாங்கள் சூடு காட்டுகிற ஹீட் கன்னை எடுத்தேன். எத்தனையோ வேன்களை உரித்த கைதான். இருந்தாலும் முருகா என்றேன். பின்பக்கம் சுலபமாக வந்துவிட்டது. முன்பக்கத்தில் அவள் போட்டோ, அதன் ஓரத்தில் சிவப்பு முத்திரை.

"நான் பாக்கல, நீங்க உரிங்க" என்று திரும்பி நின்றுகொண்டாள்.

சூட்டைக் குறைத்து, தள்ளிப் பிடித்து, நகக்கண் அளவாக உரித்தேன். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். முத்திரையின் மேலிருந்து ஃபிலிம் கழன்றபோது மை ஒரு பொட்டுகூட அதில் வரவில்லை.

"வந்துருச்சும்மா!"

அவள் திரும்பிப் பார்த்தாள். ஆறு வருஷப் படிப்பு, காகிதம் காகிதமாகவே என் உள்ளங்கையில் இருந்தது. இரண்டு பேரும் அழுதோம்.

எட்டாம் நாள் முத்திரை விழுந்தது. பத்தாம் நாள் வேலையில் சேர்ந்தாள். முதல் வகுப்பில், அன்று ரசத்தோடு என்னிடம் கேட்ட அதே கேள்வியைத்தான் பிள்ளைகளிடம் கேட்டாளாம்.

அவள் அறைக் கதவுக்குப் பெயர் எழுத்தை நான்தான் வெட்டினேன். முன்னால் டாக்டர், பின்னால் அவள் பெயர், கீழே சீன வரிச் சட்டம். கதவில் ஒட்டி முடித்து, கையால் ஒரு தடவை நீவிவிட்டேன். பின்னால் நின்றிருந்தவள் மெதுவாகச் சொன்னாள்:

"சாமி, இதுக்கு மேல ஃபிலிம் ஒட்டிராதீங்க."