எனக்குச் சேராத நன்றி

மலேசியாவின் சுங்கை லாலாங்கில் எங்கள் வீட்டில் ஞாயிறு மாலைதோறும் ஜெபக்கூட்டம் நடக்கும். அன்று வந்தவர் எஸ்தர் அக்கா மட்டும்தான். பக்கத்து வீட்டுக் கோமதிக்காக இருவரும் ஜெபித்துக்கொண்டிருந்தோம். குடித்துவிட்டு வந்தால் அவள் கணவன் அடிப்பான் என்பது தெருவுக்கே தெரியும்.

பாதி ஜெபத்தில் சுவருக்கு அப்பால் கோமதி அலறினாள். கூடவே அவள் குழந்தையும் வீறிட்டது. அக்கா சட்டென்று எழுந்தார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

“போவாதீங்கக்கா. அவன்கிட்ட பாராங் கத்தி இருக்கு. போலீசுக்குப் போன் பண்ணிட்டு ஜெபம் பண்ணுவோம் லா.”

“நீ போன் பண்ணு. அவங்க வர்ற வரைக்கும் அவ தாங்குவாளா? எனக்கும் பயமாத்தான் இருக்கு. கர்த்தர் கூட வருவாருன்னு நம்பித்தான் போறேன்.”

செருப்புகூடப் போடாமல் ஓடினார்.

நான் போலீசை அழைத்தேன். பிறகு கதவைத் தாழிட்டுக்கொண்டு, கண்களை மூடி, மனப்பாடமான வசனங்களை முணுமுணுத்தேன். அது பக்தியே இல்லை, வெறும் பயம். எல்லாம் சுவர் வழியே கேட்டுக்கொண்டிருந்தது.

கோமதியும் குழந்தையும் பிழைத்தார்கள். குறுக்கே போய் நின்ற அக்காவின் வலது தோளில் வெட்டு விழுந்தது. இன்றும் அந்தக் கையை அவரால் முழுதாகத் தூக்க முடியாது.

மருத்துவமனையில் கோமதி என் கைகளைப் பற்றிக்கொண்டு அழுதாள்.

“நீங்க ரெண்டு பேரும் இல்லன்னா நாங்க செத்திருப்போம்க்கா.”

அக்காவைத் தடுத்ததையும் கதவைத் தாழிட்டுக்கொண்டதையும் சொல்லாமல் அவள் கைகளைத் தட்டிக்கொடுத்தேன். கட்டிலில் கிடந்த எஸ்தர் அக்காவும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்த நன்றியைத் திருப்பிக் கொடுக்கும் தைரியத்தைத்தான் இப்போது தினமும் கேட்டு ஜெபிக்கிறேன்.